கட்டில் காயட்டும்

பெருந்துறை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ரூபன் கண்ணுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான், அப்பா, அப்பாவின் சர்க்கரை மூவரும் சுகம், அயர்லாந்தில் நீயும் அப்படித்தானே? போனில் கேட்டால் டூட்டிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு மன அழுத்தம் குறைய மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு வைத்தார்கள். கோயமுத்தூரிலிருந்து தீபக் என்று ஒரு தம்பி வந்தார், நைட் டூட்டியே பார்த்திராத முகம். கண்ணை மூடி, மூச்சு போவதையும் வருவதையும் சும்மா கவனியுங்கள் என்றார். மூச்சைக் கவனி என்றால் நர்சு கை சும்மா இருக்குமா, வாட்சைத் திருப்பி ஒரு நிமிஷம் எண்ணி, "இருபத்தி ரெண்டுங்க தம்பி, கொஞ்சம் ஜாஸ்திதானுங்க" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். சிரித்தவளுகள் மட்டும் யோக்கியமா, எல்லார் கண்ணும் வாட்சில்தான். எண்ணாதீங்க அக்கா, மூச்சோட இருங்க என்று அவர் கெஞ்ச, "மூச்சோட இல்லீனா எங்கள மார்ச்சுவரிக்குத்தானுங்க அனுப்போணும்" என்றாள் பின்வரிசை நர்சு பிந்து.

மறுபடி கண்ணை மூடினேன். என் மூச்சை எண்ணத்தானே கூடாது, பக்கத்து ஆளின் மூச்சை எண்ணலாமே என்று காது போயிற்று, என் புத்திதான் உனக்குத் தெரியுமே. பக்கத்தில் என் வார்டு நர்சு கீதா. மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒற்றைக்கண்ணைத் திறந்து பார்த்தால் சத்தமில்லாமல் அழுகிறாள். வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். "வேலைய உட்டறலாம்னு இருக்கறனுங்க்கா. முந்தாநேத்து செத்த பெரியவருக்கு நாந்தான் கண்ண மூடிவுட்டேன். பெட்ஷீட் மாத்தறதுக்குள்ள அடுத்த கேஸ் வந்துருச்சு. அதே கட்டில்ல படுத்தவருகிட்டச் சிரிச்சுட்டே பேர் கேக்கோணும், முடியலீங்க்கா" என்றாள்.

வார்டு இன்சார்ஜ் என்று எனக்கிருக்கும் அதிகாரமெல்லாம் டெலிபோனை எடுப்பதுதான். நேற்று ஓர் அம்மா இறந்துபோனார், கீதாதான் பார்த்தாள். கட்டிலைத் துடைத்த கையோடு அவளைப் பின்பக்க வராந்தாவில் உட்காரவைத்து, "தம்பி சொன்னதச் செய், இல்லீனா அழுவு, ஆனா எந்திரிக்காத" என்றேன். கேஷுவால்டியிலிருந்து போன், அந்தக் கட்டிலுக்கு நோயாளியை அனுப்பட்டுமா என்றார்கள். அவசரக் கேஸ் இல்லை என்று கேட்டுக்கொண்டு, "கட்டில் இன்னும் காயலீங்க" என்றேன். மறுபடி கேட்டார்கள். "தொடச்சது மருந்துத் தண்ணிங்க, காய நேரமாகுமுங்க" என்றேன். தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, கட்டில் காய்ந்து வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவளே முகம் கழுவி வந்து, அந்த நோயாளியை வரச்சொல்லச் சொன்னாள். புது ஆளிடம் பேர் கேட்டாள், சிரிக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாளை காலை டூட்டி போட்டிருக்கிறேன், வந்தால்தான் இருக்கிறாளா போகிறாளா என்று தெரியும்.

அப்போதிருந்து எனக்கு ஒரே யோசனை. நீயும் நர்சுதானே, உன் வார்டில் ஒருவர் இறந்தால், அடுத்தவர் வரும்வரை நீ எங்கே இருக்கிறாய் கண்ணு? உனக்காகப் போனை எடுத்துப் பொய் சொல்ல அங்கே யாராவது இருக்கிறார்களா? நல்லா இருக்கேன் என்று எழுதாதே, கேட்டதற்குப் பதில் எழுது.

நீ தொட்டுப் பார்க்கிறவர்களோடு சேர்த்து ஆண்டவர் உன்னையும் தொட்டுப் பார்க்கட்டும். நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன் அம்மா,
மெர்சி