மலைத்தோளனின் முழங்கால்

மேற்குத் தாம்பரம்,
6-6-1971

என் அருமை மருமகன் ஜெபசீலனுக்கு மாமன் தேவானந்தம் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் உன் அத்தை ஞானம்மாளும் சுகம். அங்கே அக்காவும் நீயும் சுகம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். நீ கடிதம் போட்டு நாலு மாசமாகிறதே! சிவகாசியில் அச்சு மசிக்குக் குறைவில்லை, பேனா மசிக்குத்தான் பஞ்சம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. உன் மலைத்தோளன் சினிமாவில் வரப்போகிறான்!

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற எலெக்ட்ரிக் ரயிலில் வாரப் பத்திரிகையைப் பிரித்து உன் சித்திரக்கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஸ்ரீரங்கன் என்று ஒருத்தர். வடபழனியில் பெரிய சினிமாக் கம்பெனிக்கு மேனேஜர். "இன்னா சார், இந்த வயசுல பொம்மைக் கதை படிச்சிக்கினு கீறீங்க?" என்றார். வந்ததே எனக்குக் கோபம். "பொம்மைக் கதையா? பன்னிரண்டு வருஷமா ராஜ்யமே படிக்குது சார். இதை எழுதி வரையறவன் என் அக்கா மகன். அவனுக்குப் பென்சில் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே இந்தக் கைதான்" என்றேன். பல்லாவரத்தில் வாயைத் திறந்தவன் கோடம்பாக்கம் வரைக்கும் மூடவில்லை. கம்பார்ட்மெண்டே கீழே இறங்காமல் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை இரண்டு நிமிஷம் நிறுத்தி வைத்தார்.

மறுநாளே அவர் முதலாளி குப்புராஜிடம் சொல்லிவிட்டார். முதலாளிக்கு ஒரே ஆசை. நீ ஒரு சம்மதக் கடிதம் கையெழுத்துப் போட்டு என் பேருக்கு அனுப்பு. மீதியை மாமன் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமன்,
ஆ. தேவானந்தம்


சிவகாசி,
11-6-1971

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மா சுகம். முழங்கால் வலிதான், மழை வந்தால் கூடுகிறது. தங்கை ஹில்டாவுக்கு மதுரையில் டீச்சர் வேலை நிரந்தரமாகிவிட்டது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாரம் நாலு பக்கம் வரைந்து முடிக்கவே எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் போதவில்லை, அதனால் நேரில் வர முடியாது. சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரே ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் கொடுக்க வேண்டும்.

மலைத்தோளன் யாரையும் அடிக்க மாட்டான். அவன் தாங்குகிறவன். பாலம் விழும், கூரை விழும், ரயில் பெட்டி சாயும். தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு அடியில் போய் நிற்பான். எல்லோரும் வெளியே வரும்வரை நிற்பான். அவ்வளவுதான் அவன்.

சினிமாவில் எப்படிக் காட்டுவது என்று கேட்பார்கள். சொல்லுங்கள்: கேமராவை மேலே வைக்க வேண்டாம். கீழே, தவழ்ந்து வெளியே வருகிற ஒரு பிள்ளையின் கண் உயரத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கட்டும். முழங்கால் நடுங்குவது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் அவன் வெறும் தூண்.

அன்புடன்,
ஜெபசீலன்


மேற்குத் தாம்பரம்,
20-6-1971

என் அருமை மருமகனுக்கு,

ஆசீர்வாதம். உன் நிபந்தனையைப் பட்டாளத்து உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜையில் அடித்தேன். மேஜையிலிருந்த காபி டம்ளர் நாலும் கவிழ்ந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இவர்களோடு பேஜார்! கதை பேச உட்கார்ந்த ஏழு பேரில் ஒருத்தன்கூட ஒரு இதழ் படித்ததில்லை. "ஹீரோ மேல சாக்கா? எங்க நடிகருக்கு அரிக்கும் சார், பட்டுல தைச்சிடலாம்" என்கிறான் ஒருத்தன். பட்டுச் சாக்கு எந்த மண்டியிலடா விற்கிறது? ஸ்ரீரங்கன் சொல்கிறார்: "அடிக்கவே மாட்டான்னா ஜனம் எதுக்கு விசில் அடிக்கும்? பத்து நிமிசம் ஒருத்தன் நின்னுகினே கீறான்னா, எல்லாரும் சிகரெட் பிடிக்க வெளிய போய்டுவான் சார்."

எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். உன் மானம் என் கையில். சும்மா விடுவேனா? "யார் சொன்னது அடிக்க மாட்டான்னு? அறுபத்தைந்தாம் வருஷத் தீபாவளி மலரில் நாற்பது பேரை ஒரே அறையில் சாய்த்தானே! வண்டலூர் மலையிலிருந்து பறந்து வந்து மீனம்பாக்கத்தில் இறங்கினானே!" என்று எடுத்துவிட்டேன். அந்த மலர் இப்போது எங்குமே கிடைக்காது என்றும் சொல்லிவைத்தேன். முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார். எல்லாவற்றையும் ஒருத்தன் எழுதிக்கொண்டான். ஒரு வெள்ளைக் குதிரையும் சேர்த்திருக்கிறேன். அது உனக்குப் பிடிக்கும்.

அந்த முழங்கால் நடுக்கத்தை மட்டும் நீயே விட்டுவிடு ராஜா. வாராவாரம் உன் கதையை முதல் ஆளாக வாங்குகிறவன் நான். அந்தக் கட்டம் வருகிற பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுத்தான் படிப்பேன். வீரன் என்றால் நடுங்கலாமா?

உன் மாமன்,
தேவானந்தம்

பின்குறிப்பு: எனக்கு இன்ஸ்பெக்டர் வேஷம். தொப்பிக்குத் தலை அளவு எடுத்தாகிவிட்டது.


சிவகாசி,
25-6-1971

மாமா,

யார் சொன்னது அவன் பறப்பான் என்று? நீங்கள் சொன்னீர்கள்! அறுபத்தைந்தில் தீபாவளி மலரே வரவில்லை. அந்த வருஷம் எனக்கு டைபாய்டு. நீங்கள்தான் வந்து ஆஸ்பத்திரியில் கூட இருந்தீர்கள்.

அறுநூறு வாரம் மாமா. அறுநூறு வாரத்தில் அவன் ஒருத்தனைக் கன்னத்தில் தட்டியதுகூட இல்லை. "ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்க சார்" என்று அச்சாபீஸ் முதலாளி முதல் வாசகர்கள் வரை கெஞ்சுகிறார்கள். எல்லோரிடமும் சண்டை போட்டு இவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரே மத்தியானத்தில் அவனைக் குதிரையில் ஏற்றிவிட்டீர்கள்.

நீங்கள் கதை அளப்பது எனக்குப் புதிதில்லை. சிறுத்தையைப் பிடித்தீர்கள், துரையின் மோட்டாரைத் தூக்கினீர்கள், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். இதில் வேண்டாம். சம்மதக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். உடனே பதில் போடுங்கள்.

ஜெபசீலன்


மேற்குத் தாம்பரம்,
30-6-1971

மருமகனுக்கு,

உன் கடிதத்தை அத்தை படித்துவிட்டு, "பையன் சரியாத்தானே எழுதியிருக்கான்" என்றாள். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இட்லி மட்டும்தான்.

உனக்காக நான் அலைவது யாருக்குத் தெரிகிறது? ரயில்வே ஷெட்டில் லீவு போட்டுவிட்டு, வெயிலில் வடபழனிக்கு நடையாக நடக்கிறேன். வெளுத்த சட்டை இரண்டும் வியர்வையில் கிழிந்துவிட்டது. ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டு வா என்றால் எப்படி? தாம்பரம் முழுக்க நான் இன்ஸ்பெக்டர் என்று பேச்சு. டீக்கடை லாசரஸ் எழுந்து சலாம் வைக்கிறான்.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டுமா? உன் ஆள் கொஞ்சம் சப்பைதான். தாங்கிக்கொண்டு நிற்பது ஒரு வீரமா? எவனாக இருந்தாலும் நிற்கத்தான் நிற்பான். விட்டால் விழுந்துவிடும், அதனால் நிற்கிறான். இதில் என்ன இருக்கிறது பெருமைப்பட? சிறுத்தையின் வாலைப் பிடித்துச் சுழற்றினேனே, அது வீரம்.

வெள்ளிக்கிழமை கொடுக்கத்தான் போகிறேன். படம் வந்த பிறகு நீயே மாமனைத் தேடி வருவாய்.

தேவானந்தம்


சிவகாசி,
4-7-1971

அன்புள்ள மாமாவுக்கு,

இதை எழுதக் கூடாது என்று பன்னிரண்டு வருஷம் இருந்தேன்.

நாற்பத்துமூன்றாம் வருஷத்து வெள்ளம். ஆற்றங்கரையில் அனகாபுத்தூர் வீடு. எனக்கு ஐந்து வயது. விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும், மழை விடவில்லை. எங்களைத் தேடி நீங்கள் வந்தபோது மழைக்காகத் தலையில் போட்டிருந்த சாக்கு தோளில் கிடந்தது. சுவர் சாய்ந்து உத்தரம் வாசலில் இறங்கியது. நீங்கள் அடியில் போய் நின்றீர்கள். நான்தான் முதலில் வெளியே வந்தேன், உங்கள் கால் நடுவில் தவழ்ந்து. அப்புறம் ஹில்டாவை மார்பில் அணைத்துக்கொண்டு அம்மா.

உங்கள் முகம் எனக்கு நினைவில்லை. முழங்கால் நினைவிருக்கிறது. என் கண்ணுக்கு நேரே அது நடுங்கியது. அறுநூறு வாரமாக நான் வரைவது அந்த முழங்காலைத்தான்.

சிறுத்தை, துரை, மோட்டார் எல்லாம் ஊருக்கே சொல்கிறீர்கள். இதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு அப்பாவை ஆறு கொண்டுபோன துக்கத்தில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் செய்தது நீங்கள்தான். மலைத்தோளன் நீங்கள்தான் மாமா. உங்களை நீங்களே குதிரையில் ஏற்றிப் பறக்கவிட வேண்டுமென்றால் கடிதத்தைக் கொடுங்கள். இனி நான் தடுக்கவில்லை.

ஜெபசீலன்


மேற்குத் தாம்பரம்,
11-7-1971

ஜெபசீலா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அத்தையிடம் காட்டவில்லை.

உன் அப்பாவை ஆறு கொண்டுபோகவில்லை. அப்படிச் சொன்னது நான்.

ஐசக் அத்தான் உள்ளே இருந்துதான் உங்களை ஒவ்வொருத்தராக வெளியே தள்ளினார். முதலில் நீ, அப்புறம் அக்காவும் பிள்ளையும். அவர் மட்டும்தான் பாக்கி. "பிடிச்சுக்கோ மச்சான், வந்துட்டேன்" என்றார். அவர் கை வெளியே தெரிந்தது. எனக்கு முழங்கால் மடங்கிவிட்டது. நீ பார்த்த அந்த நடுக்கம்தான். நான் விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் தண்ணீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார், உனக்குத் தெரியும்.

அக்கா கேட்டபோது, உங்களுக்குப் பின்னாலேயே அத்தான் வெளியே வந்தார், ஆறு இழுத்துக்கொண்டது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் மலைத்தோளன் ஒருநாளும் விடவில்லை. வாராவாரம் வாங்கி, விடாமல் நிற்கிறானா என்று கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பேன். அவன் பறந்தால் தேவலை, அடித்தால் தேவலை, நிற்க வேண்டாம் என்று எனக்கு இருந்தது. அதனால்தான் குதிரை.

நீ எழுதியது சரி. பறக்கிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் முழங்காலே வேண்டாம். இந்த நடுக்கத்தை எடுக்க அந்தச் சினிமாக்காரர்களுக்கு வராது. வந்துவிட்டால் அதைச் சுவர் அகலத் திரையில் என்னால் பார்க்க முடியாது.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. மடிப்பில் கொஞ்சம் அழுக்கு, சட்டைப் பையிலேயே இருந்ததால். இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் ஸ்ரீரங்கனிடம் படம் கிடையாது என்று சொன்னேன். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இல்லை. அழவில்லை. "சரி சார்" என்றார். பேப்பரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

தேவானந்தம்