பம்பர் பொருந்தாத காரணம்

சைனிக்புரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வினய்க்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இந்த வீட்டில் சுகமில்லாதது கார் ஒன்றுதான். அங்கே நீயும் மருமகள் சாஹித்யாவும் குளிருக்கு இதமாக உடுத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அப்புறம் பேச்சு முழுக்க பம்பர்தான். நான் சொல்ல வேண்டியது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், அதனால் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன்.

அந்தப் பழைய ஃபியட்டை ஒன்றரை வருஷமாகப் பிரித்துப் போட்டிருந்தாரே, எஞ்சின் முடிந்தது, கிரீம் கலர் பெயின்ட்டும் முடிந்தது, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. மிச்சம் பம்பர்கள். இரண்டுக்கும் குரோம் போட நம் ஜெயச்சந்திரனிடம் கொடுத்திருந்தார். ரிடையர் ஆனதிலிருந்து அவர் செர்லபள்ளியில் சின்னதாக பிளேட்டிங் ஷெட் நடத்துகிறார், உனக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி செய்து, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, தானே கொண்டுவந்து கொடுத்தார். பின் பம்பர் ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டது. முன் பம்பர் மூன்று வாரமாகப் பிராணனை வாங்குகிறது. மாட்டினால் வலது பக்கம் புதுப் பெயின்ட்டில் போய் உரசுகிறது, இடது பக்கம் இரண்டு விரல் நுழைகிற மாதிரி விலகி நிற்கிறது. வாஷரை மாற்றினார், ரப்பரை மாற்றினார், நூல் கட்டி அளந்தார், வெர்னியரை வைத்து அளந்தார். ஏழு தடவை மாட்டி ஏழு தடவை கழற்றியாகிவிட்டது. மாட்டாத நேரத்தில் அது ஹால் திவானில் என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் நிற்கிறார்கள். மாட்டுகிற நேரத்தில் ஒரு முனையைப் பிடிக்கிற வேலை எனக்கு. நேராகப் பிடி, நேராகப் பிடி என்று கீழே படுத்துக்கொண்டு கத்துகிறார். எனக்கு இடது மணிக்கட்டில் வலி என்றால், வயசாகிவிட்டது, கால்சியம் சாப்பிடு என்கிறார்.

இதோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பழி முழுவதையும் ஜெயச்சந்திரன் தலையில் போட்டார். பாலிஷ் போடும்போது நீதான் வளைத்துவிட்டாய் என்றார். அந்த மனுஷன் சொன்னது, பம்பர் என்னிடம் வரும்போதே நெளிந்திருந்தது, நெளிவெடுத்து நேராக்கித்தான் குரோம் போட்டேன் என்று. உன் அப்பா உடனே அந்தப் பச்சை நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கார் வாங்கின நாளிலிருந்து ஆயில் மாற்றினது, டியூப் பஞ்சரானது எல்லாம் எழுதி வைத்திருக்கிற நோட்டு. அதில் விபத்து என்ற பக்கத்தில் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. அடிபடாத வண்டியின் பம்பர் எப்படி நெளியும், பொய் சொல்லாதே என்று வாசலில் நின்று கத்தினார். முப்பது வருஷ சிநேகிதம் வினய். ஆபரேஷன் சமயத்தில் அப்பாவுக்காக ரத்தம் கொடுத்தவர். வைத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அவர் பெண் சுபாஸ்ரீக்கு வருகிற பதினாலாம் தேதி கல்யாணம். போக மாட்டேன் என்கிறார் உன் அப்பா. பத்திரிகை ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, அதைப் பார்க்க முடியாமல் கவிழ்த்து வைத்தேன்.

ஏன் கவிழ்த்தேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது அப்பா பதினைந்து நாள் ஒரிசாவுக்கு டூர் போனாரே, நான் யாருக்கும் சொல்லாமல் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பி, மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரில் கொண்டுபோய் இடித்தேனே. நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மெக்கானிக் யாதகிரி “டென்ஷன் நக்கோ லேவ் அம்மா” என்று தைரியம் சொல்லி, டிங்கரிங் பண்ணி, பெயின்ட் அடித்து, ஒன்றும் தெரியாத மாதிரி ஆக்கிக் கொடுத்தான். உள்ளே பம்பரைத் தாங்குகிற இரும்புக் கை வளைந்துபோயிருந்ததை அவன் நிமிர்த்தவில்லை, அதற்குத் தகுந்தபடி பம்பரை வளைத்துவிட்டான். இப்போது ஜெயச்சந்திரன் நியாயமாக பம்பரை நிமிர்த்தினார், கை வளைந்தபடியே இருக்கிறது. அந்தக் கையைத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தவர் சாட்சாத் உன் அப்பாதான். அவர் கண்ணால் பார்த்ததை நம்பவில்லை, நோட்டை நம்பினார். அப்பாவிடம் சொல்வதில்லை என்று நாம் இரண்டு பேரும் அன்றே சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துகொண்டதால் நானும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு கம்பளியோடு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மேல்தான் எனக்கு அதிக எரிச்சல்.

புதன்கிழமை சத்தியத்தை உடைத்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவர் வண்டிக்கு அடியில் இருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தலையை மட்டும் வெளியே நீட்டி அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, “எந்த கியர்ல இருந்தே?” இருபது வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்கிறேன், மனுஷன் கியரைக் கேட்கிறார். செகண்ட் என்றேன். செகண்டில் இவ்வளவு உள்ளே போகாது, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பாய் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். ஜெயச்சந்திரனிடம் போய்ப் பேசுங்கள் என்று நாலு நாளாகச் சொல்கிறேன். முதலில் கையை நிமிர்த்துகிறேன், பம்பர் உட்காரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். கல்யாணம் இவருடைய பம்பருக்காகக் காத்திருக்குமா?

இன்று காலை அவர் குளிக்கப் போனபோது பச்சை நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். இல்லை என்பதை அடித்துவிட்டு, முன் வலது கை வளைவு, மெட்டுகுடா, ஓட்டியவர் பாமா என்று என் பேரை எழுதியிருக்கிறார். கீழே, ஜெ. மேல் தவறில்லை. அதற்கும் கீழே, பாமாவுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டில் அடிபட்டது உனக்குத் தெரியும், பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று அவரிடம் சொன்னோம். நோட்டில் எழுதத் தெரிகிற மனுஷனுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது, அழுகையும் வருகிறது.

அப்பா போனில் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு, எனக்காக இனி நீ ஒன்றும் மறைக்க வேண்டாம். சாஹித்யாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்றாயே, பொறுமையாகச் சொல்லிக்கொடு, இடித்தால் கத்தாதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். சுபாஸ்ரீக்கு வாழ்த்து அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா பாமா

பி.கு. கவரை ஒட்டப் போகும்போது அப்பா வந்து நின்றார். “எந்தக் கை?” என்று கேட்டார். இடது கையை நீட்டினேன். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இனிமேல் நீ பிடிக்க வேண்டாம், ஜெயச்சந்திரனைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.