தூர்த்த கிணறும் பாய் வீட்டு எஸ்டிமேட்டும்

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்தே கடையில் காற்று. சிமெண்ட் மூட்டை மேல் தார்ப்பாய் நிற்கவில்லை, நாலு மூலைக்கும் கல் வைத்தாச்சு. டெய்லர் செய்யது பாய் வீடு கட்ட எஸ்டிமேட் கேட்டு வந்தார். நாலு வருஷம் முன்னால் நான் விற்ற மனை. வீடு 24க்கு 20 அடி. ரோட்டைப் பார்த்துத் தையல் ரூம், அடுப்படி, பின்னால் ஒரு ரூம்.

செங்கல் - 11,000 (உடைசல் சேர்த்து)
சிமெண்ட் - சுவர், பூச்சுக்கு மட்டும் 80
மணல் - 6 லோடு
அஸ்திவாரம் -

அதை எழுதவில்லை. கரிசல் மண், அஞ்சடியாவது வெட்டணும். ஆனால் காரணம் அது இல்லை. பின் ரூம் வருகிற வடகிழக்கு மூலையில் கிணறு இருந்தது. மனை போடும்போது நாற்பது டிராக்டர் குப்பை கொட்டி நான்தான் தூர்த்தேன். பாய் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

முருகன் கொத்தனாரை மனைக்குக் கூட்டிப் போனேன். அந்த மூலையில் கம்பியைச் சொருகினார். நாலடி பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி, இங்கன சுவர் வச்சா ரெண்டு மழையில வாய் பொளக்கும். எம் பேருல்லா கெடும்?"

ஈசானி மூலையில் பாரம் ஏத்தக்கூடாது, வாஸ்துன்னு சொல்லி அந்த ரூமை நிறுத்திடலாம் என்றேன். சிரித்த சிரிப்பில் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"பாய்க்கு வாஸ்துவா? நல்ல ஆளப் பாத்தீய!"

எனக்குத் தோணவே இல்லை. எல்லாரிடமும் அதைச் சொல்லியே பழக்கம்.

ஜூன் 11, வியாழன்

குழாயில் தண்ணீர், பதினோரு நாள் கழித்து. கடை ஆட்கள் பாதிப் பேர் தண்ணீர் பிடிக்க நின்றுவிட்டார்கள். பாய் வந்தார். பின் ரூம் வேண்டாமே பாய், காத்து அடைக்கும் என்றேன்.

"அது மகளுக்குல்லா அண்ணாச்சி. கட்டிக் குடுத்து மூணு வருசமாச்சு. பிள்ளையோட வந்தா மெசினுக்கு நடுவுலயா படுப்பா?"

இருபத்தஞ்சு வருஷம் தைத்த காசு முழுக்க இந்த வீட்டில். சுவர் வெடித்தால் திரும்பக் கட்ட ஒன்றும் கிடையாது. மணல் லாரி வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். லாரி வரவில்லை.

ஜூன் 13, சனி

பாயின் வாடகை வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். திடீரென்று யோக்கியன் ஆகவில்லை. வெட்டுகிற முதல் நாளே குப்பை வெளியே வரும், ஊர் பார்க்கும். மனையை நானே திருப்பி எடுத்துக்கிடுதேன் என்று சொல்ல வாயெடுக்கும்போது உள்ளேயிருந்து பாய் சம்சாரம்:

"எத்தன அடி கிணறு?"

"நாப்பது."

"தண்ணி?"

"உப்பு."

"தொவைக்க, கழுவ ஆகும்லா? கொடம் தூக்கி என் இடுப்பு ஒடியுது. நீங்க கிணத்த மூடி எங்களுக்கே வித்திருக்கீய! தூர் வாரிக் குடுங்க. ரூம மாடியில போட்டுக்கிடுதோம்."

"வாருற செலவு?" என்றேன்.

"மூடும்போது யாரு குடுத்தா?"

மாடிப்படிக்குச் செங்கல் கூடுமே என்றேன், மெதுவாக.

"அதுவும் அவியகிட்டயே வாங்கிக்கிடுங்க," என்று அந்தம்மா பாயிடம் சொன்னது.

ஜூன் 28, ஞாயிறு

இருபத்தெட்டு அடியில் குப்பை ஈரமாக வந்தது. மேலே ஆறடிக்குக் கிணற்றின் உறைச் சுவர் இடிந்திருக்கு. அதுக்குச் செங்கல் 2,000. படிக்கு 900. விலை போடவில்லை.

மூன்று மணிக்கு பாய் சம்சாரம் டீ கொண்டுவந்தது. தூர் வாருகிற ஆள் ஆறு, கிளாஸும் ஆறு. நான் கிணற்றோரம் நின்றுகொண்டிருந்தேன்.