கட்டிலில் கொஞ்சம் இடம்

பாடன்
ஞாயிறு, 2 நவம்பர் 2025

அன்புள்ள அக்‌ஷயா,

கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும் என்று தமிழ்ப் பாடசாலையில் பிரபாலினி ரீச்சர் சொல்லித் தந்தார். நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். பக்கத்தில் வந்தால் எழும்பிப் போகிறாய். அதுதான் எழுதுகிறேன். தங்கச்சி நித்திரை. போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கும். விடியப் பள்ளிக்கூடம் போகும்போது உங்கள் தபால்பெட்டியில் போடுவேன். வகுப்பில் தமிழ் விளங்குவது எங்கள் இருவருக்கும் மட்டும்தானே.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நானே சொல்ல வேண்டும். வகுப்பு முகாமில் இரண்டாம் இரவு நீ குளியலறையில் நின்று உன் அம்மாவோடு தொலைபேசியில் அழுது கதைத்தாய். லடினா கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பதிவு செய்தாள். என்னிடம் வந்து, "இவள் என்ன சொல்றாள்? உனக்கு விளங்கும்தானே. வா, இதில வந்து இரு" என்று கட்டிலில் நகர்ந்து இடம் தந்தாள். மூன்று வருடத்தில் லடினாவும் அவளுடைய கூட்டாளிகளும் எனக்கு இடம் தந்தது அன்றைக்குத்தான். இருந்தேன். உன் அப்பா வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாய் என்று சொன்னேன். உன் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். நானும்.

உனக்கு 'ஹெண்ட்லி', சின்னக் கை, என்று பெயர் வைப்பார்கள் என்று நினைக்கவில்லை. நீ நடந்துபோக ஒவ்வொருவராகக் கையை நீட்டுவார்கள் என்றும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக் கூட்டத்தில் வட்டமாக இருந்தபோது வகுப்பு ரீச்சர் ஃபிராவ் ஆம்ஸ்லர் கேட்டார்: "அக்‌ஷயாவின் வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவளே எனக்குச் சொன்னாள்" என்றேன். நீ வாயே திறக்கவில்லை. ஏன்?

மன்னித்துக்கொள்.
மதுஜா


செவ்வாய், 4 நவம்பர்

மதுஜா,

உன் கடிதத்தை அம்மாதான் பெட்டியிலிருந்து எடுத்தார். நல்ல காலம், உறை ஒட்டியிருந்தது. "மதுஜாவே? ஒரே வகுப்பில இருந்துகொண்டு கடிதமோ? ரீச்சர் தந்த வீட்டுவேலையோ?" என்று சிரித்தார். ஓம் என்றேன்.

நான் உன்னைக் காட்டிக்கொடுத்தால் அம்மாவைக் கூப்பிடுவார்கள். தன் கதை முழு வகுப்புக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியவரும். அதுதான் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று. கை தேவைப்படுவது எனக்கில்லை, அம்மாவுக்குத்தான். நான் முகாமுக்குப் போனதால் அவர் வீட்டில் தனியே நித்திரையில்லாமல் இருந்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் "உங்கட கை இல்லாமல் எனக்கும் நித்திரை வரேல்லை அம்மா" என்று சொன்னேன். நீ மொழிபெயர்த்தாய். ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் வானிலைப் பலகையில் எங்கள் மனநிலையைக் காட்டச் சொல்கிறார்கள் அல்லவா? நான் என் பெயரைத் தினமும் சூரியனில்தான் குத்துகிறேன். நீயும் அப்படித்தான் செய்கிறாய், கண்டேன். எங்கள் வகுப்பில் எல்லாருமே சந்தோஷமாக இருக்கிறோம் என்று ஃபிராவ் ஆம்ஸ்லர் நினைக்கிறார், பாவம்.

இரவில், தமிழில் மன்னிப்புக் கேட்பது லேசு. பகலில், ஜெர்மனில், அந்த வட்டத்தில் இருந்து சொல்.

அக்‌ஷயா


ஞாயிறு, 9 நவம்பர்

அன்புள்ள அக்‌ஷயா,

வெள்ளிக்கிழமை நீ பார்த்தாய். கையை உயர்த்தினேன். பேசுகிறவர் வைத்திருக்கும் கல் என்னிடம் வந்தது. அது சூடாக இருந்தது, எல்லாரும் பிடித்துப் பிடித்து. எழுதி மனப்பாடம் செய்த வசனம் வாய்வரை வந்தது. "ஜன்னலைத் திறக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

வீட்டில் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அப்பா, பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளை தான் செய்த பிழையை ஒத்துக்கொண்டால் அதை எழுதி வைப்பினமோ?"

"ஆர் பிழை செய்தது?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா."

"அடுத்த மாதம் எங்களைக் குடியுரிமைக்கு நேர்ல கூப்பிட்டுக் கேள்வி கேப்பினம். பன்ரண்டு வருஷம் பொறுத்திருந்தனான், பிள்ளை. எங்கட வீட்டுப் பேர் ஒரு கடதாசியிலயும் பிழையா வரக்கூடாது, விளங்குதோ?"

விளங்குது என்றேன். என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கோழித் துண்டு வைத்தார்.

நான் சொன்னால் பள்ளிக்கூடம் குடியுரிமை தரும் நகரசபைக்கு எழுதும். பிறகு என்னால் வீட்டில் எல்லாருக்கும் கடவுச்சீட்டு இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் உனக்குச் செய்தது அப்படியே இருக்கும். லடினாவுக்குப் பயப்படுகிறேனா, அப்பாவுக்கா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேறு ஏதாவது கேள், அக்‌ஷயா. இடைவேளையில் உன்னோடு நிற்கட்டுமா?

மதுஜா


ஞாயிறு, 16 நவம்பர்

மதுஜா,

இடைவேளையில் என்னோடு நிற்க வேண்டாம். 24ஆம் திகதி நான் பக்கத்து வகுப்புக்கு மாறுகிறேன்.

பள்ளிக்கூடச் சமூகப் பணியாளர் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார். அம்மாவுக்கு எப்போதும்போல நான்தான் மொழிபெயர்த்தேன். "உங்கள் மகள் இங்கே மிகவும் தனியாக இருக்கிறாள்" என்றார் அவர். "இந்த வகுப்பில சத்தம் கூடவாம் அம்மா, அதுதான் மாத்தினமாம்" என்றேன் நான். அம்மா அவருக்கு மூன்று தரம் நன்றி சொன்னார். பார், நானும் பிழையாகத்தான் மொழிபெயர்க்கிறேன்.

உனக்கு இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

அக்‌ஷயா


வெள்ளி, 21 நவம்பர்

அன்புள்ள அக்‌ஷயா,

சொல்லிவிட்டேன். ஆனால் நீ வரவில்லை. பல் வைத்தியரிடம் போனாய் என்றார்கள். காலியாகக் கிடந்த உன் கதிரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அவள் எனக்குச் சொல்லவில்லை. பதிவைக் கேட்டு நான்தான் மொழிபெயர்த்தேன். சிரித்தேன். இங்கே பொய் சொன்னேன்." நாலு வசனம்தான். கல் கையிலிருந்து விழுந்துவிட்டது.

லடினா, "நாங்கள் இவளைக் கேட்கவேயில்லை. தானாகவே வந்து சொன்னாள்" என்றாள். ஒருவரும் மறுக்கவில்லை. ஃபிராவ் ஆம்ஸ்லர் பதிவு செய்தது யார் என்று கேட்டார். அதற்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், "ஏன் இன்றைக்குச் சொல்கிறாய்?" என்றார். "இதுதான் கடைசி வெள்ளிக்கிழமை" என்றேன்.

மதியம் படிக்கட்டில் தனியே இருந்து சாப்பிட்டேன். பின்னேரம் ஃபிராவ் ஆம்ஸ்லர் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பாவுக்கு மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை, அவருக்கு ஜெர்மன் விளங்கும். "ஆ, ஆ" என்று மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அப்பா என்னோடு கதைக்கவில்லை. "கோபமில்லையடி, பயந்துபோனார்" என்கிறார் அம்மா. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர் பயப்படுகிறோம்.

நீ கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்.

மதுஜா


வியாழன், 27 நவம்பர்

மதுஜா,

ஃபிராவ் ஆம்ஸ்லர் என்னைத் தனியே கூப்பிட்டு நீ சொன்னதைச் சொன்னார். திரும்பி வருகிறாயா என்றும் கேட்டார். இல்லை என்றேன். இந்தப் புது வகுப்பில் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒழுங்காகச் சொல்ல வரவில்லைத்தான், ஆனால் என் பெயர்தான்.

அன்றைக்கு எனக்குப் பல் வைத்தியர் இல்லை. நீ மறுபடியும் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் தாங்க முடியாது என்றுதான் வரவில்லை.

"மதுஜா ஏன் இப்ப வீட்ட வாறேல்லை? நல்ல பிள்ளையெல்லோ" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். படிப்பு கூட என்று சொல்லியிருக்கிறேன். அவர் அப்படியே நினைக்கட்டும்.

சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் என் பக்கத்தில் வந்து இருக்காதே. எனக்கு இன்னும் முடியவில்லை.

கடிதமும் வேண்டாம். எழுதினால் நான் வாசிப்பேன்.

அக்‌ஷயா