உங்களுக்கு அருள் வரவில்லை

காலையில் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். செடியில் ஒரு பெருங்குளவி, மலாய்க்காரர்கள் தெபுவான் என்பார்களே அதுதான், பச்சைப் புழு ஒன்றைக் காலுக்கடியில் அழுத்தி நறுக்கிக்கொண்டிருந்தது. புழுவின் பின்பாதி அப்போதும் நெளிந்தது. வீட்டுக்குள் ஓடிப் பூச்சி மருந்து டின்னை எடுத்து வந்தேன். ஆனால் அடிக்கவில்லை. புழுவை உருண்டையாக மென்று அது தூக்கிக்கொண்டு போகும்வரை நின்று பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால், "அட, நம்ம வீட்டம்மாவா இது?" என்று கேலி செய்திருப்பீர்கள்.

ரெங்கத்தில் செம்பனைக் காட்டை ஒட்டிய இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு இதே பிழைப்பு. குளுவாங் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்தால், சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லையில் குந்திவிடுவீர்கள். கெரெங்கா எறும்புகள் ஒரு பல்லியை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து உயிரோடு பிய்ப்பதை ஒரு மணி நேரம் பார்ப்பீர்கள். சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டால், "இரு புள்ள, இன்னும் உயிர் போகல" என்பீர்கள்.

"மனுசனா நீங்க? ஒரு குச்சியால தட்டிவிட்டா அது பொழைச்சுப் போகுது" என்று கத்துவேன்.

"தட்டினா எறும்பு பட்டினி. நீ யாரு பக்கம்?" என்று கேட்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரம்புத்தான் மரத்தில் தெபுவான் கூடு கட்டியதை முதலில் பார்த்தவரும் நீங்கள்தான். உங்கள் அப்பா நட்டுவைத்த முனீஸ்வரன் சூலம் அதே மரத்தடியில் இருக்கிறது. போன வருஷம் நம் மகள் டெங்கியில் பிழைத்து எழுந்ததற்கு அங்கே கிடாய் வெட்டி உறுமி வைப்பதாக நான் வேண்டியிருந்தேன். படையலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அடுப்படிக்கு வந்து சொன்னீர்கள்.

"புல்லு வெட்டுற மிஷின் சத்தத்துக்கே கூட்டு வாசல்ல பத்து வந்து நிக்குது. உறுமி அடிச்சா தாங்காது. தீயணைப்பு பொம்பாவுக்குச் சொல்லிக் கூட்ட எடுத்துட்டு அப்புறம் படைக்கலாம்லா."

"நாள் குறிச்சு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. சாமி காரியத்துக்குக் குளவிகிட்டயா பர்மிட் வாங்கணும்? நீங்க வாய மூடுங்க" என்றேன். நீங்களும் மூடிக்கொண்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு உங்கள்மேலும் உண்டு.

படையல் அன்று கிடாயின் தலை ஒரே வெட்டில் விழுந்தது. ரத்தம் சூலத்தடியில் பீறிட்டது. உறுமி உச்சத்துக்கு ஏறியது. நீங்கள் கையை உயர்த்திக்கொண்டு மேளக்காரர்களை நோக்கி ஓடினீர்கள். நடுவழியில் துள்ளினீர்கள். தலையைச் சிலுப்பினீர்கள், தோளில் அறைந்துகொண்டீர்கள், கண் செருகியது. ஐம்பது வயதுவரை ஒருமுறைகூடச் சாமி ஆடாத மனிதர். உங்கள் அண்ணன், "தம்பிக்கு அருள் வந்துருச்சு, விடாம அடிங்க" என்று கத்தினார். மேளம் இன்னும் வேகமெடுத்தது. நீங்கள் எதையோ அலறினீர்கள். "நிறுத்துங்க" என்றுதான் இருக்கும். எங்களுக்குக் கேட்கவில்லை. சாம்பிராணிப் புகையில் குளவி ஒன்றும் கண்ணில் படவில்லை.

நான் என்ன செய்தேன்? மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து உங்கள் பாதத்தில் ஊற்றி விழுந்தேன். "எம்மகளுக்கு இனி ஒரு குறையும் வராதுன்னு வாக்கு குடு சாமி" என்று கேட்டேன். செத்துக்கொண்டிருந்த என் புருஷனிடம் கும்பிட்டு வாக்கு கேட்டேன், பாவி.

"ஓடு" என்றீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. என் முந்தானையை இழுத்து என் தலையை மூடி, அப்படியே என்மேல் விழுந்தீர்கள். மேளக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீறிட்ட பிறகுதான் உறுமி நின்றது. ஆம்புலன்ஸ் குளுவாங் போய்ச் சேருமுன்னே உங்களுக்கு மூச்சு அடங்கிவிட்டது. வீங்கிப்போன முகத்தைப் பார்த்து, "இது அப்பா இல்ல" என்று மகள் அடம்பிடித்தாள்.

சாமியே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று ஊர் சொன்னது. நான் தலையாட்டினேன். கூடு இருந்தது யாருக்கும் தெரியாதே என்று வந்தவர்களிடமெல்லாம் அழுதேன். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

இன்று மத்தியானம் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா மேல சாமி வந்த எடம்மா. இந்த வருசம் பெருசா படைப்போம். உறுமி ரெண்டு செட்டு சொல்லிருக்கேன்" என்றாள். காலையில் பார்த்த குளவிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அது எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது. மரத்தில் மறுபடியும் கூடு இருக்கிறதா என்று நான் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை.

"உங்கப்பாவுக்கு அருள் வரலம்மா. கூடு இருக்கு, உறுமி வேணாம்னு முன்னாடியே சொன்னாரு. நான்தான் கேக்கல."

அவள் கை சோற்றிலேயே நின்றது. "அப்ப நான் பொழைச்சதுக்கா அப்பா செத்தாரு?" என்றாள்.

"இல்லடி. என் வீம்புக்குச் செத்தாரு."

கையைக் கழுவாமலே எழுந்து அறைக்குள் போனாள். உறுமிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னது கேட்டது. என்னோடு இன்னும் பேசவில்லை. பேசட்டும், பேசாமல் போகட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்று ஒவ்வொரு குளவி கொட்டும்போதும் என் முதுகின்மேல் உங்கள் உடம்பு துடித்தது. துடிப்பு நின்ற பிறகும் உங்கள் கை என் முந்தானையை விடவில்லை. அது அவளுக்கு வேண்டாம். என்னோடு இருக்கட்டும்.