பட்டன் ஆலைப் பெண்களின் ஆட்ட அட்டைகள்

2016, மார்ச் 5, சனி

இந்த வருடக் குளிர் எங்கள் ஊர் டவன்போர்ட்டை விட்டுப் போவேனா என்கிறது. இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேக்கிங் தட்டு ஒன்று வாங்கப் போனேன். வாங்கி வந்தது பேஸ்பால் பலகை ஆட்டம். பெட்டிக்கு மூடி இல்லை. உள்ளே மைதானம் வரைந்த மடிப்புப் பலகை, இரண்டு பகடைகள், ஒரு கட்டு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆட்டக்காரரின் பெயர், அணி, நிற்கும் இடம். அதற்குக் கீழே, பகடையில் எந்த எண் விழுந்தால் ஒரே அடியில் மைதானத்தைச் சுற்றி வரும் ஹோம் ரன், எது விழுந்தால் அவுட் என்று ஒரு பட்டியல்.

வர்ஜில் பெட்டியைப் பார்த்ததும், "இன்னொண்ணா? பேசாம நாம ரெண்டு பேரும் கராஜுல படுத்துக்கலாம். உன் பெட்டிங்க கட்டில்ல படுக்கட்டும்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பாட்டு.

சாப்பிட்டு முடித்து அட்டைகளைப் பரப்பியபோதுதான் உறைத்தது. வாண்டா, இர்மா, கிளீட்டா, ஓபல் — அத்தனை பேரும் பெண்கள். இரண்டே அணிகள். ஒன்று மஸ்கட்டீன் பட்டன் ஆலை, இன்னொன்று ஏதோ சோப்பு ஆலை.

மார்ச் 6

பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆண்டு எங்கேயும் இல்லை.

மார்ச் 19, சனி

சீடர் ராபிட்ஸில் பழைய விளையாட்டு அட்டைகளின் சந்தை. தேயர் என்பவரைக் கேள் என்று எல்லாரும் கை காட்டினார்கள். இதையே வாழ்நாள் வேலையாகச் செய்பவர். நல்ல மனிதர். ஓரத்தை மட்டும் தொட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா இப்படி ரெண்டு டீம் இருந்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல. எழுபதுகள்ல யாரோ ஆசைக்குப் பேரு வெச்சு அடிச்சிருப்பாங்கன்னு தோணுது."

தரம் போடுகிற கம்பெனிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். அங்கே அட்டை அசல்தானா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். "எந்த வருஷம், யார் அடிச்சதுன்னு தெரியணும். இல்லேன்னா போன வேகத்துல திரும்பி வந்துடும்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. அட்டை போலி என்றால் போகட்டும். ஆனால் அந்தப் பெண்கள்? அப்படி யாருமே இருந்ததில்லையா?

மார்ச் 22

தேயர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். உலகப் போருக்குப் பிந்தைய காகிதத்தில் வெளுப்பு மருந்து கலந்திருக்கும். புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். பழைய காகிதம் ஒளிராது. கார் ஏசியில் கசிவு பார்க்க வர்ஜில் ஒர்க்‌ஷாப்பில் வைத்திருப்பதும் அந்த விளக்குதான். இரண்டு பேரும் துணி அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

என் பிறந்தநாள் வாழ்த்து அட்டை நிலா மாதிரி பளீரென்றது. அதன் பக்கத்தில் கிளீட்டா, ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் நின்று பந்து பிடிப்பவள். துளி வெளிச்சம் இல்லை. வாண்டா — இல்லை. இர்மா — இல்லை. ஒவ்வொருத்தியாக இருட்டோடு இருட்டாக இருந்தார்கள்.

வர்ஜில் விளக்கை மறுபடி முதல் அட்டையிலிருந்து காட்டத் தொடங்கினார்.

ஏப்ரல் 2, சனி

காகிதம் பழசு என்பது மட்டும் போதாதாம். பழைய காகிதத்தில் பிறகும் அச்சடிக்கலாமே என்கிறார் தேயர்.

மத்தியானம் வர்ஜில் ஓர் அட்டையைக் கையில் எடுத்து, "கிளீட்டா ஓன்ஸ்டாட்... மஸ்கட்டீன் போற வழியில ஓன்ஸ்டாட்னு மாட்டுத்தீவனக் கடை ஒண்ணு இருக்கே" என்றார். உடனே போன் போட்டேன். எடுத்தவர் பெயர் லைல்.

"கிளீட்டாவா? என் அத்தைதான்" என்று சிரித்தார். "பேஸ்பால் கதை சொல்லி உங்களையும் பிடிச்சுட்டாங்களா? முதியோர் இல்லத்துல ஒருத்தரையும் விடறதில்ல."

உயிரோடு இருக்கிறார்! "நான் உங்க அத்தையப் பார்த்ததே இல்லைங்க" என்றேன்.

"அப்ப உங்களுக்கு யாரு சொன்னது?"

"அட்டையில அவங்க பேரு இருக்கு."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஏப்ரல் 10, ஞாயிறு

லைல்தான் அழைத்துப் போனார். சக்கர நாற்காலியில் சின்ன உருவம். நகங்களில் ரத்தச் சிவப்புப் பூச்சு. எண்பத்தொன்பது வயதாம். மடியில் அட்டையை வைத்தேன்.

எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு தூரத்தில் பிடித்துப் படித்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"ஏழு விழுந்தா அவுட்டா? எட்டு விழுந்தாலும் அவுட்டா? எவன் எழுதினான் இத? என்னை என்னன்னு நெனச்சான்!"

பிறகு திருப்பினார். பின்பக்கத்தில் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் சிப்பி சிப்பியாக ஒரு கோடு ஓடும். அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் விரல் அதன் மேலேயே ஓடியது.

"ஏம்மா, இது எங்க பட்டன் அட்டை. இதுலதான் வரிசையா பட்டன் வெச்சுத் தைப்போம், கடைக்குப் போகும். மிச்ச அட்டையில ஆட்டத்த அடிச்சிருக்கான் படுபாவி." ஆலைப் பிக்னிக்குக்காக ஃபோர்மேன் ஏதோ விளையாட்டுச் செய்கிறார் என்று அப்போது பேச்சு இருந்ததாம். தன் பெயர் அதில் ஏறியது இவருக்குத் தெரியாது.

"எந்த வருஷம்?"

"நாப்பத்தஞ்சு. முன்ன அங்க நின்னவ கல்யாணம் ஆகிப் போனதும் என்னை ஷார்ட்ஸ்டாப்புக்கு மாத்தினாங்க. அந்த ஒரு கோடைதான். போர் முடிஞ்சு ஆம்பளைங்க வந்தாங்க, மைதானம் அவங்களுக்குப் போயிடுச்சு. எங்க சட்டையத் தொவச்சு மடிச்சுத் திருப்பித் தரச் சொன்னாங்க. குடுத்தோம்."

லைல் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரிய ஆள். "அத்த, நெஜமாவே ஆடினீங்களா?"

"பின்ன? இத்தன வருஷமா வாய் வலிக்கச் சொன்னது எதுக்குடா, தடியா?"

அலமாரி இருட்டில் பார்த்த பெயர், எதிரே உட்கார்ந்து மருமகனைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 16, சனி

மஸ்கட்டீன் அருங்காட்சியகத்தில் பட்டன் தைத்த பழைய அட்டைகளை எடுத்துக் காட்டினார்கள். நாற்பத்தைந்தாம் வருடத்து அட்டையில் அதே சிப்பிக் கோடு. அடுத்த வருடம் பூக்கோடாகிவிட்டது. கிளீட்டாவின் அட்டையைப் பக்கத்தில் வைத்தபோது கோட்டின் ஒரு சின்ன உடைசல்கூட ஒத்துப்போனது.

தேயருக்குப் படம் அனுப்பினேன். போன் வந்தது. "என் ஆயுசுல இப்படி ஒண்ணு பார்ப்பேன்னு நெனக்கலம்மா. நான் சொன்னது தப்பு. கம்பெனிக்காரங்ககிட்ட நானே பேசறேன்."

மே 7, சனி

அனுப்புமுன் கிளீட்டாவிடம் கேட்க வேண்டும் அல்லவா? பிளாஸ்டிக்கில் அடைத்துவிடுவார்கள், அப்புறம் வெளியே எடுக்க முடியாது என்று விளக்கினேன்.

"என்னைப் பொட்டியில அடைக்க அதுக்குள்ள என்ன அவசரம்? முதல்ல ஒரு ஆட்டம் போடுவோம்."

சாப்பாட்டுக் கூடத்து மேசையில் பலகையை விரித்தோம். லைல் சோப்பு ஆலை, கிளீட்டா பட்டன் ஆலை. சுற்றி நாற்காலிகள் உருண்டு வந்து சேர்ந்தன. கிளீட்டாவின் அட்டை ஆட வரும்போதெல்லாம் ஏழு, மறுபடி ஏழு, எட்டு. "இந்தப் பகடைக்கு என் மேல என்ன கோவமோ!" கடைசி முறை உருட்டுமுன் இரண்டு கைகளும் தாமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இல்லாத மட்டையைப் பிடித்தன. முழங்கை மேலே போனது. தோள் திரும்பியது. அந்த நாற்காலியில் இருந்தது பத்தொன்பது வயதுப் பெண்.

பன்னிரண்டு! ஹோம் ரன். பேச்சே வராத ஒரு முதியவர் மேசையைத் தட்டு தட்டென்று தட்டினார்.

ஜூலை 9

கம்பெனிக்கு அனுப்பிய அட்டைகள் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 20, சனி

வந்துவிட்டன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஆண்டு, ஊர், பெயர். அசல். இதுவரை யாரும் பதிவு செய்யாத ஆட்டம் என்று கம்பெனியே அறிவித்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள்.

கிளீட்டாவின் அட்டைக்கு மூன்று. ஒரு முனை மழுங்கியிருக்கிறது.

"மூணா? பத்துக்கா? அந்த இர்மாவுக்கு எவ்வளவு?"

"ஆறு."

"சோப்பு ஆலைக்காரிக்கு ஆறா!"

அது அட்டைக்குப் போட்ட மதிப்பெண், ஆட்டத்துக்கு இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை.

செப்டம்பர் 17, சனி

ஆரிகன் மாநிலத்திலிருந்து ஒரு பெண் வியாழன் அன்று போன் செய்தாள். பத்திரிகைப் படத்தை அவள் அம்மா பார்த்தாராம். அம்மா பெயர் இர்மா.

இன்று கிளீட்டாவின் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு மெத்தைமேல் வைத்தேன்.

"கிளீட்டா?"

"ம்."

"நான் அன்னிக்கு அவுட் இல்ல."

"அவுட்டுதான்டி."

"என் கால் பேஸ் மேல இருந்துச்சு."

"பந்து என் கையில இருந்துச்சு."

லைல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சத்தத்தைக் கூட்டிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு வந்தது. அந்தப் பக்கம் வை என்று கிளீட்டா கையைக் காட்டினார்.