வாய்க்கூடை

1909 ஆடி, செவ்வாய் இரவு.

சிவப்பியை இன்று விற்றுவிட்டேன். சிராங்கூன் ரோட்டில் வீடு வீடாக மாட்டை ஓட்டிப்போய்க் கறந்து கொடுக்கிறவன் நான். செம்போடு கிட்டே போனாலே மிரண்டு பாலை அடக்கிக்கொள்கிற மாட்டை வைத்து என்ன செய்வது?

வாங்க வந்தவர் பக்கத்தில் நின்ற வெள்ளச்சியையும் பார்த்துவிட்டுச் சிவப்பியிடம் திரும்பினார். “ரெண்டும் ஒரே தாய் போட்டதா? நம்ப முடியலையே லா. இது மட்டும் ஏன் வளராம நிக்குது?”

என் மனைவிதான் சொன்னாள்: “வெள்ளச்சி பொறந்தப்ப வாடிக்கை கொறவு, வயிறு நெறையக் குடிச்சுது. இது பொறந்தப்ப எல்லா வீட்டுக்கும் பால் வேணும். பால் குடிக்க விடாம வாயில கூடையக் கட்டி, தாய் பின்னாடியே வெயில்ல இழுத்துட்டுத் திரிஞ்சாரு. அப்புறம் எவ்வளவு தீனி போட்டும் தேறல.”

கயிறு கைமாறியதும் கடைசியாகத் தட்டிக்கொடுக்கக் கை நீட்டினேன். கூடை கட்ட வருகிறேன் என்று நினைத்தாளோ, சிவப்பி தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள்.

கொட்டகையில் வெள்ளச்சியின் கன்று கத்துகிறது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் நான் கட்டிய கூடை இன்னும் அதன் வாயில்தான் இருக்கிறது. விளக்கை எடுத்துக்கொண்டு போகிறேன்.